கொல்லைப்பக்கம்: ஐப்பசி மழைக்கு அப்புறம் வந்த கேள்விகள்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் ஒரே மூச்சா உக்காந்து படிச்சேன், பாதிக்கு மேல ஒரே சேதிதான், மழையில தோட்டம் போச்சு. எங்க கொல்லையிலயும் புடலைப் பந்தல் ஒண்ணு அப்படியே சாஞ்சு கிடக்கு, 12 மிளகாச் செடி வச்சதுல 3 தான் மிச்சம். அதனால நீங்க எழுதினது ஒவ்வொண்ணும் எனக்குப் புரியுது. சில கேள்விக்கு ரொம்ப நீளமா எழுதிட்டேன், சிலதுக்கு நாலே வரிதான், கோச்சுக்காதீங்க.

அக்கா, ஆடிப்பெருக்கு முடிஞ்ச கையோட தக்காளி, கத்தரி, மிளகா மூணுக்கும் நாத்து விட்டு ஆவணி கடைசியில நட்டேன். புரட்டாசியில பூ வச்சு அவ்வளவு அழகா இருந்துச்சு. ஐப்பசியில அஞ்சு நாள் விடாம அடிச்ச மழையில கொல்லை முழுக்க கணுக்கால் அளவு தண்ணி. தக்காளி வெந்த மாதிரி தொங்கிடுச்சு, மிளகா மஞ்சளாயிடுச்சு, கத்தரி மட்டும் உசுரோட நிக்குது. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு தானே சொல்றாங்க, நான் சரியான பட்டத்துல தானே போட்டேன், எங்க தப்பு பண்ணேன்?
*வாசகி, மன்னார்குடி*

தங்கச்சி, நீ தப்பு ஒண்ணும் பண்ணல, முதல்ல அதை மனசுல இருந்து எடுத்துடு. பழமொழி பொய்யில்ல, ஆனா ஆடியில எதைப் போடணும்ங்கறது ஊருக்கு ஊரு மாறும், அதை நம்ம யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல. ஆடியில ஈரம் கிடைச்சு, ஐப்பசி கார்த்திகையில மழை வந்தாலும் தண்ணி நிக்காம ஓடிடுற மேட்டாங்காட்டு மண்ணுல அந்தப் பட்டம் எல்லாத்துக்கும் பொருந்தும். நம்ம மண்ணு வேற. காவிரி கொண்டாந்து போட்ட வண்டல், கீழ தோண்டினா களி, தண்ணியைக் குடிச்சா விடவே விடாது. நம்ம பக்கம் வருஷத்து மழையில பெரும் பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வடகிழக்குப் பருவமழையில தான் கொட்டுது, அந்த நேரத்துல சுத்தி வயல் பூரா சம்பா நெல்லுக்குத் தண்ணி கட்டி நிக்குது, வாய்க்கா நெறஞ்சு ஓடுது, அப்போ உன் கொல்லைத் தண்ணி எங்க போய் வடியும் சொல்லு?

வேருக்கும் காத்து வேணும்மா. மண்ணுல இருக்குற சின்னச் சின்ன ஓட்டையில எல்லாம் தண்ணி ரொம்பிடுச்சுன்னா வேருக்கு மூச்சு முட்டிடும், தக்காளியும் மிளகாயும் ரெண்டு நாள் கூடத் தாங்காது. சுத்தி அவ்வளவு தண்ணி நிக்குது, ஆனா செடி தண்ணி இல்லாத மாதிரி வாடும், ஏன்னா வேரு செத்துடுச்சு, அதால தண்ணி இழுக்க முடியல. அந்த வாட்டத்தைப் பாத்துட்டு நிறைய பேரு இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துறாங்க, இல்லேன்னா உரத்தைப் போடுறாங்க, ரெண்டும் செடியை முடிச்சு விட்டுடும். கத்தரி கொஞ்சம் கெட்டியான ஜாதி, அதான் தப்பிச்சு நிக்குது.

இப்போ என்ன பண்ணலாம்னா, தக்காளியைப் பிடுங்கிடு, யோசிக்காத. பிடுங்கினதை எருக்குழியில போடாம தூரமாப் போடு, அழுகல் நோய் இருந்தா அது எருவுல தங்கிடும். மிளகால நடுக்குருத்து பச்சையா இருக்குற செடியை மட்டும் வச்சுக்க. தண்ணி வடிய ஒரு கால்வா வெட்டி விடு, மண்ணு மேலாக்க காஞ்சு காலுல ஒட்டாத பதம் வந்ததும் சின்னக் களைக்கொத்தால மேல மட்டும் லேசா கொத்தி விடு, ஆழமாக் கொத்தினா இருக்குற வேரும் அறுந்துடும். புதுத் துளிர் கண்ணுல பட்ட பிறகுதான் சத்து. 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து இலை மேல தெளி, அது போதும். கத்தரிக்கு இப்போ கை வைக்காத, மழை நின்னு வெயில் நல்லா எடுத்ததும் தரையில இருந்து ஒண்ணரை அடி விட்டு மேல வெட்டிடு, வெட்டின இடத்துல சாணியைத் தடவி அடியில ரெண்டு கூடை மக்கின எரு வை, புதுச்செடி மாதிரி கிளைச்சு மறுபடி காய்க்கும்.

அடுத்த வருஷத்துக்கு நான் பண்ற கணக்கை அப்படியே சொல்லிடுறேன். ஆடியில போடுறதெல்லாம் மழைக்கு முன்னாடி சோத்துப் பானைக்கு வந்துடணும். வெண்டை 45 நாளுல காய் குடுக்கும், முளைக்கீரை 25 நாள், கொத்தவரை 2 மாசத்துக்குள்ள, பீர்க்கை, புடலை, பாகல் எல்லாம் 60, 70 நாளுல பறிக்க ஆரம்பிச்சுடலாம், இதுகளை ஆடி முதல் வாரத்துலயே போட்டா ஐப்பசி பிறக்குறதுக்குள்ள முக்கால்வாசி வாங்கிடலாம், மிச்சம் மழைக்குப் போனா போகட்டும். தக்காளி, மிளகா, கத்தரி மூணும் தைக்கு. கார்த்திகை நடுவுல மிளகாய்க்கு நாத்து விடு, அதுக்கு 40 நாள் வேணும், கத்தரிக்கு 30, 35 நாள், தக்காளிக்கு 25 நாள் போதும்ங்கறதால அதைக் கடைசியாப் போடு. நாத்தைத் தரையில விடாத, குழித்தட்டுல விட்டு திண்ணையிலயோ சன்ஷேடுக்குக் கீழயோ வச்சுக்க, சாரல் அடிக்கக் கூடாது, வெளிச்சம் வரணும். விதையை டிரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சைப் பொடி ஒரு சிட்டிகையில பெரட்டிப் போட்டா நாத்து அழுகுறது ரொம்பக் குறையும். மார்கழி கடைசியில ஒரு அடி உசரத்துக்கு மூணு அடி அகலத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு நட்டுடு. தையில வயல் அறுக்குறப்போ வைக்கோல் கிடைக்கும், செடியைச் சுத்தி மூடாக்கு போட்டுட்டா அந்த ஈரத்துலயே மாசி வரைக்கும் வண்டி ஓடும்.

நம்ம விவசாயி என்ன பண்றாரு பாரு, சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நிக்கிற கதிருக்கு நடுவுலயே உளுந்தையும் பயறையும் தெளிச்சு விட்டுடுறாரு, மழை விட்டுட்டுப் போன ஈரத்துலயும் பனியிலயும் அது வெளஞ்சுடுது. அதே கணக்குதான் கொல்லைக்கும்.

சித்திரையில அவரை ஊன்றினேன், கொடி மாட்டுக்கொட்டகைக் கூரையை முழுசா மூடிடுச்சு, எட்டு மாசமாப் போகுது, ஒரு பூ கூட இல்ல. மலட்டுக் கொடியோன்னு வெட்டிடச் சொல்றாங்க. வெட்டவா?
*வாசகர், பாபநாசம்*

ஐயோ வெட்டிடாதீங்க, இத்தனை மாசம் காத்திருந்துட்டு காய்க்கப் போற நேரத்துல வெட்டுறதா! நாட்டுப் பந்தல் அவரைக்குப் பகல் குறைஞ்சு ராத்திரி நீளமானாத்தான் பூக்கத் தோணும், அது அந்தச் செடியோட பிறவிக் குணம். நீங்க சித்திரையில போட்டாலும் சரி ஆடியில போட்டாலும் சரி, அது ஐப்பசி கார்த்திகைக்கு மேலதான் பூவெடுக்கும், மார்கழி தையில சட்டி சட்டியாக் காய்க்கும். சித்திரையில போட்டதுல உங்களுக்கு நாலு மாச எருவும் தண்ணியும் தான் வீண். அடுத்த தடவை ஆடி ஆவணியில போடுங்க. வருஷம் பூரா அவரை வேணும்னா குத்து அவரைன்னு கேட்டு வாங்குங்க, அது பகல் நீளம் பாக்காம காய்க்கும், ஆனா சொல்லிடுறேன், பந்தல் அவரை ருசி அதுல வராது.

இப்போ கொடியில இலை ரொம்ப அடைசலா இருந்தா உள்பக்கம் கொஞ்சம் கிள்ளி வெளிச்சம் விடுங்க, எருவு போடாதீங்க, போட்டா மறுபடி இலைதான் வரும். பூங்கொத்துல கருப்பா அசுவினிப் பூச்சி அடையும், அதுக்கு விடியக்காலையில பனி ஈரம் இருக்குறப்போவே அடுப்புச் சாம்பலைச் சலிச்சுத் தூவுங்க, ஈரத்துல ஒட்டிக்கும். எங்க அம்மா காலத்துல இருந்து இதுதான் மருந்து.

ரிட்டயர் ஆன பிறகு முதல் தடவையா சுரை போட்டிருக்கேன். பூவு நிறைய வருது, எல்லாம் உதிர்ந்துடுது. ஒரு சிலது சுண்டுவிரல் அளவு பிஞ்சா வந்து மஞ்சளாகி விழுந்துடுது. பெருங்காயத் தண்ணி கூடத் தெளிச்சுப் பாத்துட்டேன்.
*வாசகர், திருவையாறு*

ஐயா, உங்க கொடியில ரெண்டு விதமாப் பூவு இருக்கும், நல்லாப் பாருங்க. காம்பு மட்டும் நீளமா இருக்குறது ஆண் பூ, பூவுக்கு அடியில குட்டியா ஒரு சுரைக்காயே ஒட்டிக்கிட்டு இருக்குறது பெண் பூ. முதல்ல பத்து பதினஞ்சு நாளு ஆண் பூ மட்டும்தான் வரும், அது உதிரத்தான் செய்யும், அதுக்குக் கவலைப்படவே வேணாம். பிஞ்சு மஞ்சளாகி விழுதுன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் மகரந்தம் சேரலங்கறதுக்கு அடையாளம், பெருங்காயம் அதுக்கு ஒண்ணும் பண்ணாது. சுரைப்பூ சாயங்காலம் விரியுற வெள்ளைப் பூ, ராத்திரி அந்துப்பூச்சி வந்து தான் சேத்து வைக்கணும், மழை அடிக்கிற ராத்திரியில அது எங்க வரும்?

நீங்களே பண்ணிடலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொல்லைக்குப் போங்க, அன்னிக்கு விரிஞ்ச ஆண் பூ ஒண்ணைப் பறிச்சு இதழை எல்லாம் உரிச்சுட்டு, நடுவுல இருக்குற மஞ்சப் பொடியைப் பெண் பூவோட நடுவுல மெதுவாத் தடவுங்க, ஒரு பெண் பூவுக்கு ரெண்டு ஆண் பூ தடவினா இன்னும் நல்லது. நாலஞ்சு நாளுல பிஞ்சு தலையைத் தொங்கப் போட்டு பெருக்க ஆரம்பிச்சுதுன்னா காய் பிடிச்சுடுச்சுன்னு அர்த்தம். பீர்க்கைக்கும் சாயங்காலம்தான். பூசணி, பாகலுக்கு மட்டும் விடியக்காலம். இன்னொண்ணு, கொடி எட்டு பத்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளி விட்டுடணும், பக்கக் கிளையில தான் பெண் பூ அதிகமா வரும். முதல் காயைப் பறிச்சதும் எழுதுங்க ஐயா, எனக்கே ஆசையா இருக்கு.

வெண்டை இலையில நரம்பு மட்டும் மஞ்சளா வலை மாதிரி ஓடுது, காயும் வெளுத்துப் போய் முத்தலா வருது. கடையில ஒரு மருந்து குடுத்தாங்க, மூணு தடவை அடிச்சும் கேக்கல.
*வாசகி, ஒரத்தநாடு*

கேக்காதும்மா, அது வைரஸ். மஞ்சள் நரம்புத் தேமல் நோயின்னு பேரு, வந்த செடியைக் குணப்படுத்த மருந்தே கிடையாது, விக்கிறவங்க சொல்லியிருக்கணும். வெள்ளை ஈ ஒரு செடியில உறிஞ்சுட்டு அடுத்த செடியில போய் உக்காரும், அப்படியே பரவும். அதனால மொத செடியில பாத்த அன்னிக்கே பிடுங்கி எரிச்சிடணும், பாவம் பாத்தா பாத்தி முழுக்கப் போயிடும். மிச்சச் செடிக்கு மஞ்சள் கலர் அட்டையில விளக்கெண்ணெய் தடவி செடி உசரத்துல கட்டித் தொங்க விடுங்க, ஒரு லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கூட கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருக்க சாயங்காலமா இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க. நோயைத் தாங்குற ரகம் வேணும்னா பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் விட்ட அர்கா அனாமிகா கேட்டுப் பாருங்க.

கஜா புயலுக்கு முன்னாடி எங்க வீட்டுல எல்லாக் காயும் வரும். இப்போ போர் தண்ணி உப்பு, மண்ணு மேல வெள்ளையாப் பூத்துக் கிடக்கு, விதை முளைச்சாலும் இலை ஓரம் கருகிடுது. கடலுக்கு ரெண்டு கிலோமீட்டர் தான். எங்களுக்கெல்லாம் வீட்டுத்தோட்டமே கிடையாதா அக்கா?
*வாசகி, வேதாரண்யம் பக்கம்*

2018 நவம்பர் 15 ராத்திரியை நம்ம பக்கத்துல யாரு மறப்பா தங்கச்சி. நின்ன தென்னை, மா, முந்திரி எல்லாம் விடியுறதுக்குள்ள படுத்துடுச்சு. நீ கேட்ட கடைசி வரியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். கிடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன், உனக்கும் தோட்டம் உண்டு, ஆனா எங்களை மாதிரி பண்ண முடியாது.

முதல்ல மண்ணையும் தண்ணியையும் டெஸ்ட் பண்ணு. நாகப்பட்டினம் பக்கத்துல சிக்கல்ல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அங்க போய் கேளு. ஏன் இவ்வளவு சொல்றேன்னா, உப்பு ஏறின உவர் மண்ணு வேற, சோடியம் ஏறின களர் மண்ணு வேற. உவருக்கு நல்ல தண்ணி விட்டு உப்பைக் கீழ இறக்கி வடிய விடணும், களருக்கு ஜிப்சம் போட்டுத் தான் வடிக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க போட்டாங்கன்னு நாமளும் ஜிப்சம் கொட்டுறதுல காசுதான் போகும்.

இப்போ ஒரு நல்ல சேதி. எங்களுக்கெல்லாம் தோட்டத்தைக் கெடுத்த இந்த மழைதான் உன் மண்ணைக் கழுவி வச்சிருக்கு. மழைத்தண்ணியில உப்பு கிடையாது, அது இறங்குறப்போ மேல் மண்ணு உப்பையும் கூட்டிக்கிட்டு கீழ போயிடும். அதனால மார்கழியில இருந்து மாசி வரைக்கும் உன் மண்ணு வருஷத்துலயே நல்ல நிலையில இருக்கும், வெயில் ஏற ஏறத் தான் உப்பு மறுபடி மேல வந்து வெள்ளையாப் பூக்கும். இப்போவே விதைச்சுடு. மண்ணு வெறுமையா வெயில்ல கிடக்கக் கூடாது, வைக்கோலு, தென்னை மட்டைச் சருகு, எது கிடைச்சாலும் நாலு விரக்கடை கனத்துக்கு மூடி வை. தினம் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சா உப்பு வேருகிட்டயே தங்கிடும், ரெண்டு நாளைக்கு ஒருக்க ஆனா நல்லா ஆழமா இறங்குற மாதிரி ஊத்து. கூரைத் தண்ணியை ஒரு டிரம்முல பிடிச்சு வச்சு, விதை போட்ட முதல் மூணு வாரத்துக்கு மட்டும் அந்தத் தண்ணி, முளைக்கிற பருவத்துல தான் செடிக்கு உப்பு தாங்காது, பெருசானா கொஞ்சம் சமாளிச்சுக்கும்.

கொத்தவரை, பீட்ரூட் ரெண்டும் உப்பைத் தாங்குற ஜாதி, அதுல இருந்து ஆரம்பி. கத்தரியும் மேட்டுப்பாத்தியில வச்சுப் பாரு, ஓரளவு தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் பக்கம் போகாத, அதுகளுக்கு உப்பே ஆகாது, மனசு தான் உடையும். சாணி எரு எவ்வளவு முடியுமோ அவ்வளவு போடு. தொட்டியில கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் டிரம்முத் தண்ணியில வளத்துக்க. ஒரு வருஷத்துல மாறாது, மூணு வருஷம் விடாம மூடாக்கும் எருவும் போட்டா மண்ணு பிடிச்சா கையில வித்தியாசம் தெரியும்.

மாடியில 20 பை வச்சிருக்கேன், எல்லாம் தேங்காய் நார்க்கழிவு தான், வெயிட் கம்மின்னு போட்டேன். மழையில எல்லாம் சொதசொதன்னு ஆகி செடி மஞ்சளாயிடுச்சு, கூட நத்தை வேற.
*வாசகர், தஞ்சாவூர்*

தம்பி, நார்க்கழிவு மட்டும் போட்டா அது பஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், அதுல சத்தும் கிடையாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் இருந்து வர்ற கட்டியை நேரா உடைச்சுப் போட்டியா, ஊற வச்சு ரெண்டு மூணு தண்ணி மாத்திப் பிழிஞ்சு போட்டியா? கழுவாததுல உப்பும் துவர்ப்பும் இருக்கும், அதுவும் இலையை மஞ்சளாக்கும். மழை விட்டதும் பையைக் கொட்டி, மண்ணு 2 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு, மக்கின எரு 1 பங்குன்னு கலந்து நிரப்பு. பைக்கு அடியில ரெண்டு செங்கல் வச்சுத் தூக்கு, தரையோட ஒட்டி இருந்தா ஓட்டை அடைச்சுக்கும், தளமும் ஊறிப் போகும். நத்தைக்கு ஒரு சாக்கை நனைச்சு ராத்திரி மூலையில போட்டு வை, அடியில பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வச்சா காலையில எல்லாம் அங்க தான் இருக்கும், பொறுக்கி உப்புத்தண்ணி வாளியில போட்டுடு. கையுறை போடாம தொடாத, அதுல நம்மளுக்கு நோய் குடுக்குற புழு இருக்கலாம், குழந்தைங்களைத் தொட விடாத.

கத்தரிக்காய் வெளிய பாத்தா நல்லாருக்கு, வெட்டினா புழு.
*வாசகி, குடவாசல்*

காயில புழு வர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே அது குருத்துல வந்திருக்கும். நுனித்தண்டு மட்டும் தலை சாஞ்சு வாடி நிக்கும் பாருங்க, அதைப் பாத்தவுடனே ரெண்டு விரக்கடை கீழ சேத்துக் கிள்ளி எரிச்சிடுங்க, உள்ள புழு இருக்கும். ஓட்டை விழுந்த காயையும் செடியிலயோ கீழயோ விடக் கூடாது. வேப்பங்கொட்டை 50 கிராம் இடிச்சு ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊற வச்சு வடிகட்டித் தெளிங்க. இதை வாரா வாரம் விடாமச் செஞ்சா முழுசாப் போகலேன்னாலும் பத்துக்கு எட்டு காயாவது தேறும்.

நம்ம ஊரு விதையை எடுத்து வைக்கணும்னு ஆசையா இருக்கு. ஒவ்வொரு தடவையும் பாக்கெட் வாங்கிப் போடுறேன், அதுல எடுத்த விதையை மறுபடி போட்டா செடி ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி வருது. எப்படி எடுக்கணும், எப்படி வைக்கணும்?
*வாசகி, திருத்துறைப்பூண்டி*

உங்க ஊருல இருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நெல் ஜெயராமன் ஐயா அங்கதான வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தி 2 கிலோ பாரம்பரிய நெல் விதை குடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பி வாங்கினாரு, அப்படித்தான் மறந்து போன ரகமெல்லாம் வயலுக்குத் திரும்பி வந்துச்சு. அவருக்கு வழி காட்டின இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயாவும் நம்ம தஞ்சாவூர் ஜில்லா இளங்காட்டுக்காரரு தான். நெல்லுக்கு அவங்க பண்ணினதை நம்ம கொல்லைக் கத்தரிக்கும் சுரைக்கும் பண்ணலாம், நாலு வீட்டுக்காரங்க சேந்தாலே போதும்.

பாக்கெட்டுல எஃப் 1னோ ஹைபிரிட்னோ போட்டிருந்தா அது ரெண்டு ரகத்தைக் கலந்து எடுத்த விதை, அதுல விதை எடுக்காதீங்க, அதுதான் ஒண்ணொண்ணு ஒரு மாதிரி வருது. நாட்டு விதை யாருகிட்டயாவது கேட்டு வாங்கி அதுல ஆரம்பிங்க. நோய் இல்லாத, நல்லாக் காய்ச்ச செடி எதுன்னு பாத்து முன்னாடியே அதுல ஒரு துணியைக் கட்டிடுங்க, இல்லேன்னா வீட்டுல யாராவது பறிச்சு குழம்புல போட்டுடுவாங்க. கடைசியா வர்ற சூம்பின காயை விதைக்கு விடுறது தான் எல்லாரும் பண்ற தப்பு, நடுவுல வர்ற திடமான காயைத் தான் விடணும்.

வெண்டை செடியிலயே காஞ்சு வெடிக்கிறதுக்கு முன்னாடி எடுங்க. கத்தரி நல்லா மஞ்சளாப் பழுத்த பிறகு பிசைஞ்சு தண்ணியில போட்டா அடியில நிக்கிறது தான் நல்ல விதை. தக்காளியைச் சாறோட ஒரு கிண்ணத்துல பிழிஞ்சு ஒரு நாள் ரெண்டு நாள் புளிக்க விட்டு, விதை மேல இருக்குற வழவழப்பு போனதும் கழுவி நிழல்ல காய வைங்க. சுரை, பீர்க்கை கொடியிலயே காஞ்சு குலுக்கினா சத்தம் வரணும். பூசணியில ரெண்டு ரகத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சா கலந்துடும், விதைக்குன்னா ஒரே ரகம் வைங்க.

எங்க அம்மா பூசணி, பறங்கி விதையைச் சாணியில பொதிஞ்சு சுவத்துல அடிச்சு வைக்கும், ஆடி வந்ததும் அந்த வரட்டியை அப்படியே உடைச்சுக் குழியில வைக்கும், பூச்சியும் வராது, முளைக்கிறப்போ எருவும் கிடைச்சுடும். சின்ன விதைங்க சாம்பல்ல பெரட்டி காஞ்ச சுரைக்குடுக்கையில அடுப்புக்கு மேல உத்தரத்துல தொங்கும். இப்போ அடுப்புப் புகை ஏது, கண்ணாடி பாட்டில்ல சாம்பலோட ரெண்டு காஞ்ச வேப்பிலை போட்டு இறுக்கி மூடி, வெளிச்சம் படாத அலமாரியில வைங்க, மேல பேரும் மாசமும் எழுதி ஒட்டிடுங்க, நாம நினைச்சுக்குவோம்னு நம்பினா ஆறு மாசத்துல எது எதுன்னே தெரியாது. போடுறதுக்கு முன்னாடி 10 விதையை ஈரத்துணியில சுத்தி வச்சுப் பாருங்க, 7 முளைச்சா தைரியமா விதைக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா முளைப்பு குறையும், அதனால வச்சுப் பூட்டாம வருஷா வருஷம் ஒரு செடியாவது போட்டுப் புதுப்பிச்சுக்கிட்டே இருங்க.

எனக்கு 68 வயசு. கொல்லையை அவங்க தான் கொத்துவாங்க, நான் விதை போடுவேன். போன வருஷம் அவங்க போயிட்டாங்க. இந்த மழையில இருந்த கொஞ்சமும் போச்சு, எனக்கு முட்டி வலி, குனிய முடியல. பேசாம சிமெண்ட் போட்டுடலாம்னு மகன் சொல்றான். மனசு வரல. என்ன பண்ணட்டும்?
*வாசகி, மயிலாடுதுறை*

அம்மா, உங்க கடுதாசியைத் தான் கடைசியா வச்சேன், படிச்சுட்டு உடனே எழுத முடியல.

சிமெண்ட் போட வேணாம்மா. அந்த மண்ணு மூடிட்டா விழுற மழை எல்லாம் தெருவுக்குத் தான் ஓடும், உங்க கிணத்துக்கு இறங்காது, வெயில் காலத்துல அந்தத் தரை காஞ்சு வீட்டுக்குள்ள அனலா அடிக்கும், இதை மகன்கிட்ட சொல்லுங்க. முன்ன மாதிரி பாத்தி கட்டிக் கொத்தணும்னு இல்ல. குனியாம, கொத்தாம வளர்றது நம்ம ஊருல எவ்வளவோ இருக்கு. வேலியில கொடிப்பசலைத் தண்டு நாலு ஊன்றி விட்டா நின்னுக்கிட்டே பறிக்கலாம். தூதுவளையும் பிரண்டையும் அப்படியே ஏறிக்கும். பாத்திரம் தேய்க்கிற தண்ணி போற இடத்துல சோப்பு கலக்காத தண்ணியா இருந்தா வல்லாரை வைங்க, தானாப் படரும். கீரைக்கு இடுப்பு உசரத்துல ஒரு பழைய மேசை போட்டு அது மேல ரெண்டு அகலமான டிரே, அவ்வளவுதான், அரைக்கீரை விதையை ஒரு கை மணலோட கலந்து தூவினா ஒரே இடத்துல விழாம பரவலா விழும், 25, 30 நாளுல அறுக்கலாம், அடியில விட்டு அறுத்தா மறுபடி மறுபடி துளுக்கும்.

அப்புறம் ஒரு முருங்கைப் போத்து. மழை முழுசா ஓஞ்சதும் மணிக்கட்டு கனத்துல நாலடி நீளத்துக்கு ஒரு கிளை கேட்டு வாங்குங்க, தண்ணி நிக்காத மேடான மூலையாப் பாத்து ஒரு அடி ஆழத்துக்கு ஊன்றி, மேல் வெட்டுல ஒரு சாணி உருண்டை அப்பி விடுங்க. குழி போடுறதுக்கு மகனைக் கூப்பிடுங்க, கடப்பாரையில பத்து குத்து, அவ்வளவு வேலைதான். ஊன்றினதும் சுத்தி மண்ணை மிதிச்சு இறுக்கச் சொல்லுங்க, ஆட்டம் இருந்தா வேர் பிடிக்காது. அடுத்த ஐப்பசி மழையில அதுல கம்பளிப்பூச்சி வந்து அடிமரத்துல கொத்தா அடையும், கையை வைக்காதீங்க, சோப்புத்தண்ணியில வேப்பெண்ணெய் கலந்து தூர நின்னு அடிக்கச் சொல்லுங்க.

அவங்க எடுத்து வச்ச விதை ஏதாவது வீட்டுல மிச்சம் இருக்கான்னு ஒரு தடவை டப்பா எல்லாம் தேடிப் பாருங்கம்மா. இருந்தா ஈரத்துணியில போட்டு வைங்க, நாலு நாளுல தெரிஞ்சுடும்.